யாழ்ப்பாணத்து மழையை நயினாதீவில் தேடும் கணனி: வானிலைக் கோப்புகளும் மட்டந்தட்டிய ஆள்கூறுகளும்

வானிலை முன்னறிவிப்பு பொய்க்கும்போதெல்லாம் பழி முன்னறிவிப்பாளரின் தலையிலேயே விழுகின்றது. மழை என்றார்கள், வெயில் எறிக்கின்றதே எனச் சலித்துக்கொள்வது நமது வழக்கமாகிவிட்டது. ஆனால் வளிமண்டலத்தின் போக்கைக் கணிப்பதில் ஏற்படும் வழு வேறு, சரியாகக் கணிக்கப்பட்ட ஒன்றைத் தவறான இடத்திலிருந்து வாசித்துவிடுவதால் ஏற்படும் வழு வேறு. முன்னையதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. பின்னையதைப் பற்றி, அதனுடன் நாளாந்தம் மல்லுக்கட்டும் செய்நிரலாளர்களைத் தவிர வேறெவரும் பேசுவதில்லை.

ஒரு காலத்தில் இது அரசாங்கத் திணைக்களங்களின் உள்விவகாரமாக இருந்தது. இன்று நிலைமை அவ்வாறில்லை. உலகம் முழுவதற்குமான மழைவீழ்ச்சி, வெப்பநிலை, காற்று என்பன பற்றிய தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல்கலைக்கழக மாணவரும் நிவாரண அமைப்புகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் பயிர்க் காப்புறுதி நிறுவனங்களும் அவற்றைத் தரவிறக்கித் தத்தமது மென்பொருளினால் வாசிக்கின்றனர். அந்த வாசிப்பு எங்கே வழிதவறுகின்றது என்பதை அறிந்திருப்பது, அத்தரவின்மேல் தீர்மானம் எடுக்கும் அனைவருக்கும் அவசியமாகின்றது.

வானிலைக் கோப்பு என்பது அடிப்படையில் ஒரு பெரிய எண் அட்டவணையாகும். பூமியின் மேற்பரப்பின்மீது அகலக்கோடுகளாலும் நெடுங்கோடுகளாலும் ஆன ஒரு வலை விரிக்கப்பட்டு, அக்கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெறுமானம் எழுதப்படுகின்றது. பாடசாலையில் இடவிளக்கப் படத்தில் நாம் கண்ட நெய்யரியையே இங்கு உலகளவில் நினைத்துக்கொள்ளலாம். இலட்சக்கணக்கான புள்ளிகளுள் ஒவ்வொன்றுக்கும் அதன் ஆள்கூற்றைத் தனித்தனியே எழுதிவைத்தால் கோப்பு வீங்கிவிடும். ஆகவே முதற்புள்ளி எங்கே, கடைசிப்புள்ளி எங்கே, ஒரு வரிசையில் எத்தனை புள்ளிகள், இரு புள்ளிகளுக்கிடையிலான இடைவெளி எவ்வளவு என்ற நான்கு விபரங்கள் மாத்திரம் கோப்பின் தலைப்பகுதியில் இடப்படுகின்றன. மற்றப் புள்ளிகளின் இடங்களை வாசிக்கும் மென்பொருளே கணித்துக்கொள்ள வேண்டும்.

சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கின்றது. உலக வானிலை நிறுவனம் 1980களில் வகுத்துத் தந்த ‘கிறிப்’ எனப்படும் கோப்பு வடிவம், தொலைத்தொடர்புக் கம்பிகளில் ஒவ்வொரு பைற்றும் எண்ணிச் செலவிடப்பட்ட காலத்தின் குழந்தை. அதன் முதலாம் பதிப்பில் ஆள்கூறுகளும் இடைவெளியும் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரையிலேயே எழுதப்படும். அதாவது மூன்று தசமதானங்கள். அதற்கு மேலுள்ளவை மட்டந்தட்டப்பட்டுவிடும். 2000களின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த இரண்டாம் பதிப்பு ஆறு தசமதானங்களை அனுமதித்தது. ஆயினும் பல தசாப்த காலத் தரவு பழைய வடிவிலேயே களஞ்சியங்களில் கிடக்கின்றது என்பதை மறந்துவிடலாகாது.

ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் நிலத்தில் அண்ணளவாக 111 மீற்றர். பத்து, இருபது கிலோமீற்றர் அகலமான கட்டங்களைக் கொண்ட தரவில் 111 மீற்றரால் என்ன வந்துவிடப் போகின்றது என்று கேட்கத் தோன்றும். ஒரு புள்ளியின் ஆள்கூற்றை மட்டந்தட்டினால் உண்மையில் ஒன்றும் வந்துவிடாது. இடைவெளியை மட்டந்தட்டிவிட்டு, அதனை ஆயிரம் தடவை கூட்டினாற்தான் வினை ஆரம்பிக்கின்றது.

ஓர் உண்மையான நெய்யரியை எடுத்துக்கொள்வோம். ஐக்கிய அமெரிக்காவின் உலக முன்னறிவிப்பு மாதிரி 2010 ஜூலை முதல் 2015 ஜனவரி வரை பயன்படுத்திய நெய்யரியில், பூமியைச் சுற்றி ஒவ்வோர் அகலக்கோட்டிலும் 1760 புள்ளிகள் இருந்தன. 360ஐ 1760ஆல் வகுத்தால் 0.204545... என முடிவின்றிச் செல்லும் எண் கிடைக்கும். இதனை மூன்று தசமதானங்களில் எழுதினால் 0.205. கிரீன்விச்சில் பூச்சியத்திலிருந்து தொடங்கிக் கிழக்கு நோக்கிச் செல்லும்போது, கடைசிப்புள்ளி உண்மையில் 359.795 பாகையில் இருக்கவேண்டும். ஆனால் 0.205ஐ நம்பி 1759 தடவை முன்னேறும் மென்பொருள் 360.595 பாகையில் போய் நிற்கும். பூமியையே ஒரு முழுச்சுற்றுச் சுற்றி, கிரீன்விச்சையும் தாண்டிவிட்டது. வழு 0.8 பாகை. மத்திய கோட்டில் இது ஏறத்தாழ 89 கிலோமீற்றர்.

இந்த வழு எல்லா ஊர்களையும் ஒரேயளவில் தாக்குவதில்லை. எண்ணத் தொடங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் கிழக்கே போகின்றோமோ அவ்வளவுக்கு அது வளர்கின்றது. கிரீன்விச்சுக்குச் சற்று மேற்கே இருக்கும் டப்ளின் நகரம், கிழக்கு நோக்கி எண்ணும்போது உலகின் கடைசி ஊர்களில் ஒன்றாகிவிடுகின்றது. அங்கே வழு 0.79 பாகை. அந்த அகலக்கோட்டில் அது ஐம்பது கிலோமீற்றருக்கு மேல்.

இலங்கை ஏறத்தாழ 80 பாகையில் இருப்பதால் நமக்குச் சேதம் சற்றுக் குறைவு. குறைவே தவிர இல்லையென்பதல்ல. யாழ்ப்பாண நகரின் நெட்டாங்கு அண்ணளவாக 80.02 பாகை. சரியான இடைவெளியால் வகுத்தால் அதற்கு மிக அண்மையிலுள்ள புள்ளி, பூச்சியத்திலிருந்து எண்ணும்போது 391ஆவது. அதன் உண்மையான இடம் 79.98 பாகை, நகரிலிருந்து சில கிலோமீற்றர் மேற்கே. அதே 80.02ஐ 0.205ஆல் வகுத்தால் விடை 390. மென்பொருள் 390ஆவது புள்ளியை எடுத்து, இதுதான் யாழ்ப்பாணம் என்று தரும். ஆனால் 390ஆவது புள்ளி உண்மையில் 79.77 பாகையில் இருக்கின்றது. அது நயினாதீவின் நெட்டாங்கு. யாழ்ப்பாணத்து மழையைக் கேட்டவருக்குக் கடல் சூழ்ந்த தீவகத்தின் மழை கிடைக்கின்றது.

இதில் அஞ்சத்தக்கது தூரமன்று, மௌனம். மென்பொருள் நின்றுவிடுவதில்லை, எச்சரிக்கை எதுவும் தருவதில்லை. கிடைக்கும் எண்ணும் நம்பத்தகாததாக இருப்பதில்லை, ஏனெனில் அதுவும் ஓர் உண்மையான இடத்தின் உண்மையான பெறுமானமே. தரையில் மாத்திரம் பெறுமானங்களைக் கொண்ட தரவுகளில் ஒரு புள்ளி விலகினால் கடலில் விழுந்து ‘தரவு இல்லை’ என்ற பதில் வரும். அது நல்வாய்ப்பு, யாராவது ஏனென்று பார்ப்பார்கள். ஓர் ஊருக்குப் பக்கத்து ஊரின் மழை கிடைத்தால் எவரும் பார்ப்பதில்லை.

நமது தீவில் பக்கத்து ஊர் என்பது வேறோர் உலகமாக இருக்கலாம். மலையகத்தின் மேற்குச் சரிவுகளில் வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. தென்கிழக்கின் வறண்ட கரையோரத்தில் அது ஆயிரத்தையும் எட்டாத இடங்கள் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று முகடு ஒன்றின் ஒரு பக்கத்தை நனைத்துவிட்டு மறுபக்கத்தை உலர விடுவதை மலையக மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தில் பெருமழையையும் மண்சரிவுகளையும் கொண்டுவந்தபோது, எந்தச் சரிவில் எவ்வளவு மழை என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தது. அத்தகைய நிகழ்வொன்றைப் பின்னர் ஆராய்ந்து, இன்ன அளவு மழைக்கு மேல் இந்தச் சரிவு ஆபத்தானது என ஓர் எல்லையை வகுப்பவர், முகட்டின் மறுபக்கத்துப் புள்ளியை வாசித்திருந்தால் அந்த எல்லையே பிழைத்துவிடும். மழைவீழ்ச்சிச் சுட்டியை வைத்து நட்டஈடு வழங்கும் பயிர்க் காப்புறுதியில், வயல் ஒரு கட்டத்திலும் கணக்கு இன்னொரு கட்டத்திலும் இருந்தால் விவசாயி யாரிடம் முறையிடுவது?

கோப்பை எழுதுபவர் மட்டந்தட்டுவது ஒரு வகை. எவரும் மட்டந்தட்டாமலே கணனி தானாகச் செய்யும் மட்டந்தட்டல் இன்னொரு வகை. நாம் பத்தின் அடியில் எண்ணுகின்றோம், கணனி இரண்டின் அடியில் எண்ணுகின்றது. மூன்றில் ஒன்றை நமது தசம முறையில் முடிவாக எழுத முடியாததைப் போலவே, பத்தில் ஒன்றைத் துவித முறையில் முடிவாக எழுத முடியாது. எங்கோ ஓரிடத்தில் வெட்டியாக வேண்டும். எனவே 79.9 என்று நாம் எழுதும் நெட்டாங்கைக் கணனி ஒற்றைத் துல்லியத்தில் 79.9000015 என்றே சேமிக்கின்றது. இரட்டைத் துல்லியத்தில் சேமித்தால் பிசகு மிகச் சிறிது. ஆனால் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சமனல்ல.

வானிலையில் மட்டந்தட்டல் என்றதும் பலருக்கும் 1961இல் எட்வேர்ட் லோறன்ஸ் 0.506127 என்பதற்குப் பதிலாக 0.506ஐக் கணனிக்குக் கொடுத்து முற்றிலும் வேறான வானிலையைப் பெற்ற கதைதான் நினைவுக்கு வரும். அது வளிமண்டலத்தின் இயல்பு பற்றிய கதை, இங்கே பொருந்தாது. பொருந்தும் நிகழ்வு 1991 பெப்ரவரி 25ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இடம்பெற்றது. அங்கிருந்த ஐக்கிய அமெரிக்காவின் பற்றியட் ஏவுகணைத் தொகுதி, நேரத்தைச் செக்கனின் பத்தில் ஒரு பங்காக எண்ணிவந்தது. அந்தப் பத்தில் ஒன்று 24 துவித இலக்கங்களில் வெட்டப்பட்டிருந்தது. ஒரு தடவைக்கு வழு செக்கனின் கோடியில் ஒரு பங்களவே. தொகுதி ஏறத்தாழ நூறு மணித்தியாலங்கள் தொடர்ந்து இயங்கியிருந்ததால் அது 0.34 செக்கனாக வளர்ந்துவிட்டது. அவ்வளவு நேரத்தில் ஸ்கட் ஏவுகணை ஐந்நூறு மீற்றருக்கு மேல் பாய்ந்துவிடும். அதனைத் தடுக்க முடியாமற்போய் 28 படையினர் உயிரிழந்தனர். 0.205 பாகையிலும் இதே கணக்குத்தான்: சிறு வழு, பெரிய பெருக்கம்.

வானிலைத் தரவில் பத்தில் ஒன்றின் விளைவு வேறு உருவில் வருகின்றது. நடுத்தர கால வானிலை முன்னறிவிப்புக்கான ஐரோப்பிய நிலையத்தின் ‘ஈ.ஆர்.ஏ.5’ என்ற மீள்பகுப்பாய்வுத் தரவு 0.25 பாகை நெய்யரியில் வழங்கப்படுகின்றது. நான்கில் ஒன்று துவித முறையில் துல்லியமாக முடியும் எண்ணாகையால் அங்கே தொல்லையில்லை. அதே நிலையத்தின் தரைப்பகுதிக்கான நுண்தரவு 0.1 பாகை நெய்யரி. அதனை ஒற்றைத் துல்லிய ஆள்கூறுகளோடு ஒரு கோப்பிலும், இரட்டைத் துல்லிய ஆள்கூறுகளோடு இன்னொரு கோப்பிலும் வைத்துக்கொண்டு இரண்டையும் கழிக்கச் சொன்னால், பைதன் மொழியில் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ்-அரே’ போன்ற மென்பொருள் இரு கோப்புகளிலும் அச்சொட்டாகப் பொருந்தும் ஆள்கூறுகளை மட்டுமே வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டுவிடும். பொருந்துபவை எவை? முழு எண்களும் அரைகளும் மாத்திரமே. பத்து அகலக்கோடுகளில் இரண்டு, பத்து நெடுங்கோடுகளில் இரண்டு. நூறு கட்டங்களில் நான்கு மிஞ்சும். அந்த நான்கின் சராசரியை மாகாணத்தின் சராசரி மழைவீழ்ச்சியெனக் கணனி அமைதியாகத் தந்துவிடும்.

பரிகாரம் கடினமானதல்ல. கோப்பிலுள்ள நான்கு விபரங்களும் ஒரே தரத்தவையல்ல என்பதை உணர்வதே அதன் தொடக்கம். புள்ளிகளின் எண்ணிக்கை முழு எண். அது மட்டந்தட்டலுக்கு உட்படாது. முதற்புள்ளியும் கடைசிப்புள்ளியும் மட்டந்தட்டப்பட்டிருந்தாலும் அவற்றின் வழு பெருக்கப்படுவதில்லை. நான்கிலும் நம்பிக்கைக்கு மிகக் குறைவான தகுதியுடையது இடைவெளிதான். ஆனால் எழுதப்பட்டிருக்கின்றதே என்று செய்நிரலாளர் முதலில் கைவைப்பதும் அதன்மேல்தான். அதனை விட்டுவிட்டு, கடைசிப்புள்ளிக்கும் முதற்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்க வேண்டும். நமது உதாரணத்தில் 359.795ஐ 1759ஆல் வகுத்தால் 0.2045452 கிடைக்கும். வரிசையின் கோடியில் மிஞ்சும் வழு ஐம்பது மீற்றரளவே. நெய்யரி உலகத்தைச் சுற்றி மூடுவது என்பது நிச்சயமாகத் தெரிந்தால் 360ஐ 1760ஆல் வகுத்துவிடலாம், அந்த ஐம்பது மீற்றரும் இல்லாமற்போகும்.

அகலக்கோடுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. பல உலக மாதிரிகளில் அவை சம இடைவெளியில் அமைவதில்லை. கார்ல் பிரெட்ரிக் காவுஸ் 1814இல் வெளியிட்ட தொகையீட்டு முறையைத் தழுவி, ஒரு பல்லுறுப்பிக் கோவையின் மூலங்களிலிருந்து அவற்றின் இடங்கள் பெறப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் முதலாவது மீள்பகுப்பாய்வுத் தரவின் 94 அகலக்கோடுகள் இவ்வகையின. அவற்றில் வடமுனைக்கு அண்மையிலுள்ளது 88.542 பாகை என எழுதப்பட்டிருக்கும். இங்கே வகுத்தலும் உதவாது. எண்ணிக்கையைக் கொண்டு சூத்திரத்திலிருந்து கணித்துக்கொள்வதே முறை. கோப்பிலுள்ள 88.542 சரிபார்ப்பதற்கு மாத்திரம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அளவுக்கு மீறிப் புத்திசாலியான மென்பொருளும் ஆபத்தானது. ஏதாவதொரு பிராந்திய நெய்யரியின் இடைவெளி மெய்யாகவே 0.205ஆக இருக்கலாம். முரண்பாடு தென்பட்டதும் எல்லாவற்றையும் திருத்திவிடப் புறப்படலாகாது. அந்த முரண்பாட்டை மட்டந்தட்டலினால் விளக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். மூன்று தசமதானங்களில் எழுதப்பட்ட இடைவெளியில் ஆகக்கூடிய வழு 0.0005 பாகை. 1759 தடவையில் அது 0.88 பாகையைத் தாண்ட முடியாது. நாம் கண்டது 0.8; எல்லைக்குள் அடங்குகின்றது, திருத்தலாம். வித்தியாசம் இரண்டு பாகையாக இருந்தால் அது மட்டந்தட்டல் அல்ல, கோப்பே பிழை. அங்கே மென்பொருள் உரத்துக் கூவி நின்றுவிட வேண்டும்.

இரு ஆள்கூறுகள் ஒன்றா எனப் பார்க்கும்போதும் சமன் குறியை நம்பலாகாது. போதிய அளவு நெருங்கியுள்ளனவா என்றே கேட்க வேண்டும். போதிய அளவு எவ்வளவு என்பதில்தான் பலர் சறுக்குகின்றனர். 0.01 பாகை என ஒரேயடியாக வைத்துக்கொண்டால் 0.25 பாகைத் தரவுக்கு அது தாராளம். ஆனால் ஒரு கிலோமீற்றர் நெய்யரியில் இரு புள்ளிகளுக்கிடையிலான இடைவெளியே அதைவிடக் குறைவு. அயலவர் இருவரையும் ஒருவராக்கிவிடும். எனவே அந்த எல்லை இடைவெளியின் பங்காக, உதாரணமாகப் பத்தில் ஒன்றாக, அமைய வேண்டும்.

மட்டந்தட்டும் விதியிலேயே உடன்பாடில்லை என்பது இன்னொரு கூத்து. 1152 புள்ளிகளைக் கொண்ட உலக நெய்யரியின் இடைவெளி 0.3125 பாகை. துவித முறையில் துல்லியமாக முடியும் நல்ல எண். ஆனால் மூன்று தசமதானங்களுக்குள் அடக்கும்போது, 5 வந்தால் மேலே கூட்டு எனப் பாடசாலையில் கற்றபடி செய்தால் 0.313, அண்மையிலுள்ள இரட்டை இலக்கத்துக்குக் கொண்டுசெல் என்ற, பல கணனி மொழிகள் பின்பற்றும் விதிப்படி 0.312. ஒரே நெய்யரி, இரு எழுத்தர்கள், இரு எண்கள். கடைசிப்புள்ளியில் அவற்றுக்கிடையிலான வேறுபாடு ஒரு பாகைக்கும் மேல். அதேபோல, கடைசிப்புள்ளியுடன் ஓர் இடைவெளியைக் கூட்டினால் 360 வருகின்றதா என்று பார்த்து நெய்யரி உலகைச் சுற்றி மூடுகின்றதா எனத் தீர்மானிக்கும் மென்பொருளுக்கு, 359.688உம் 0.313உம் சேர்ந்து 360.001ஐத் தரும். மூடவில்லை என்று அது முடிவுசெய்துவிடும். உலகப் படத்தில் கிரீன்விச்சை ஒட்டி மேலிருந்து கீழாக ஒரு மெல்லிய வெள்ளைக்கோடு தென்பட்டால், பெரும்பாலும் அச்சுப்பிழையல்ல, இதுதான் காரணம்.

பழைய களஞ்சியங்களைப் புதிய வடிவுக்கு மாற்றும்போது இதே பிழை வேடம் மாறிக்கொண்டு வருவதையும் குறிப்பிட்டாக வேண்டும். மாற்றும் மென்பொருள் 0.205ஐ அப்படியே எடுத்துப் புதிய வடிவின் ஆறு தசமதானங்களில் 0.205000 என்று எழுதிவைக்கும். அந்த மூன்று பூச்சியங்களும் எவரும் அளந்து எழுதியவை அல்ல; இடம் இருந்ததால் நிரப்பப்பட்டவை. மூலக்கோப்பு கைவசம் இல்லாத மாணவரொருவர் அதனைத் திறந்தால், பாகையின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குவரை துல்லியமான தரவு தமக்குக் கிடைத்திருப்பதாகவே எண்ணுவார். அவருக்கு ஐயம் எழுவதற்கு வேறு தடயம் எதுவும் அக்கோப்பில் இராது, அருகிலேயே எழுதப்பட்டிருக்கும் 1760 என்ற எண்ணைத் தவிர.